கைப்பிடி அன்னம்

மார்கழி விடியல். கார்த்திகை தீபத்தின் நெய்வாசம் சிகரத்துப் பாறைகளில் இன்னும் உலராதிருந்த பருவம். அண்ணாமலையார் ஆலயத்தின் மேற்கு வாயிலாம் பேகோபுரத்துக்குப் பின்னே, மலைக்கு ஏறும் குறுகிய தெருவில், கையில் ஒரு தூக்குச்சட்டியோடு நான் நின்றேன். எதிரே, பனித்திரையைத் தோளிலிருந்து மெல்ல நழுவவிட்டு, நீலமும் சாம்பலும் கலந்த பேருருவாய், பேசாத பேச்சாய், பிறவித் தாகமெல்லாம் தீர்க்கும் கற்கருணையாய் எழுந்து நின்றது அருணாசலம். அப்பனே! எத்தனை முறை கண்டாலும் அன்றுதான் கண்டதுபோல் உள்ளத்தைக் குழைத்துவிடும் திருமேனியே!

தூக்கில் இருந்தது வெறும் பொங்கல்தான். தங்கியிருந்த வீட்டு அம்மாளிடம் அடுப்பை இரவல் கேட்டு, நட்சத்திரங்கள் மறையுமுன் எழுந்து குளித்து, அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, நாலு மிளகும் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்து நானே செய்தது. மலைக்குப் பூ கொண்டு ஏறுவார்கள். கற்பூரம் கொண்டு ஏறுவார்கள். தீபத்தன்று நெய் சுமந்து ஏறுவார்கள். சோறு சுமந்து ஏறுவானேன் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. அடுப்பங்கரை வாசலில் சாய்ந்து நின்றபடி, "எச்சம்மா பாட்டி மாதிரியா?" என்று மட்டும் சிரித்தார். என் அந்தரங்கம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிட்டது!

ஆம், அந்தப் பாட்டிக்காகத்தான். எத்தனையோ மகான்களின் சரிதம் படித்து உருகியிருக்கிறேன்; எத்தனையோ ஞானியரின் சமாதியில் விழுந்து அழுதிருக்கிறேன். ஆனால், நூல் எழுதாத, உபதேசம் செய்யாத, பீடத்தில் அமராத, நாள் தவறாமல் ஒரு பாத்திரத்தைச் சுமந்து நடந்த அந்த மூதாட்டியின் நினைவு வரும்போது மட்டும் என் கண்கள் என் வசத்தில் இருப்பதில்லை. அவர் ஏறிய படிகளில், அவர் ஏறிய வேளையில், அவர் சுமந்ததுபோல் ஒரு நாளாவது சுமந்து பார்க்க வேண்டும் என்று எத்தனை காலத்து ஆசை!

ஏறத் தொடங்கினேன். வீடுகள் முடிந்து கற்படிகள் தொடங்கும் இடத்தில் ஒரு கிழவி குனிந்து சருகுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சரக், சரக் என்று துடைப்பத்தின் ஓசை பனிக்குள் கேட்டது. அவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் கடந்து போனேன்.

பாட்டி என்று சொல்லிவிட்டேன். முதன்முதல் இந்த மலையில் ஏறிய நாளில் அவர் பாட்டி அல்ல. மண்டகொளத்தூர் லட்சுமியம்மாள், அன்பர்கள் நாவில் எச்சம்மாள். கணவன், ஒரே மகன், ஒரே மகள் மூவரையும் இருபத்தைந்து வயது நிறையுமுன்னே, ஒருவர்பின் ஒருவராய்க் காலன் கையில் கொடுத்துவிட்டு நின்ற பெண். வீட்டுத் திண்ணையும் கிணற்றடியும் தெருக்கோடியும் இறந்தவர்களின் முகமாகவே தெரிந்த அந்தக் கொடிய நாட்களில், தந்தையின் அனுமதியோடு கோகர்ணம் சென்று சாதுக்களுக்குத் தொண்டு செய்து பார்த்தார். துயரம் தணியவில்லை. தணலைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எங்கே போனால்தான் சுடாமல் இருக்கும்?

1906-இல் ஊர் திரும்பியவரிடம், திருவண்ணாமலையில் ஓர் இளந்துறவி மௌனமாய் இருக்கிறார், போய்ப் பார் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்த இளந்துறவி 1896 செப்டம்பர் முதல் நாள் அப்பனின் சந்நிதியில் வந்து விழுந்தவர். 1899 முதல் விரூபாட்சி குகையில் கோவணதாரியாய் வீற்றிருந்தவர். ரமணர் என்ற திருநாமத்தைக் கணபதி முனிவர் உரைத்து உலகம் கேட்பதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது. ஊரார் பிராமண சுவாமி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எச்சம்மாள் ஏறினார். குகையின் முன் நின்றார். ஏதும் கேட்கவில்லை, ஏதும் சொல்லவில்லை, அவரும் பேசவில்லை. ஒரு மணி நேரம், அவ்வளவே.

அந்த ஒரு மணி நேரம்! அதை எண்ணும்போதே மெய்சிலிர்க்கிறதே! வானத்து இடியெல்லாம் ஒன்றாய்த் திரண்டாலும் பிளக்க முடியாத துக்கப் பாறையை, இமையசையாத இரு நயனங்களிலிருந்து பொழிந்த நிலவு கரைத்ததே! இறந்தவர் எழுந்து வரவில்லை. இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் அழுத நெஞ்சம் அழுகையை மறந்து நின்றதே! திரும்ப நினைத்த கால்கள் திரும்ப மறுத்தன என்பார்கள். மறுக்காதா பின்னே? ஆற்றின் கரையைக் கண்டுவிட்ட தாகத்துக்கு வீட்டின் வழி எப்படி நினைவிருக்கும்?

அன்று முதல் எச்சம்மாளின் வீடு திருவண்ணாமலை. சிறிய சமையற்கட்டு, சிறிய பாத்திரம், பெரிய மலை. தினமும் சமைப்பது, சமைத்ததைச் சுமப்பது, சுமந்ததைச் சுவாமியின் முன் வைப்பது. அவர் அதைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளாமல் சூழ இருந்தவர் யாவர்க்கும் பகிர்வது. இழந்த மூவருக்கும் இட முடியாமற்போன அந்தக் கையின் சோறெல்லாம், இட்டு இட்டுத் தீராத அமுதசுரபியாய் அந்தக் குகைவாசலில் பொங்கி வழிந்தது.

குகை நமசிவாயர் கோயிலை அடையும்போது என் மூச்சு வாங்கியது. தூக்கின் கம்பி விரலில் பதிந்து சிவந்திருந்தது. கையை மாற்றிக்கொண்டேன். நமசிவாய குரு தவமிருந்த அந்தப் பாறையடியில்தான், ரமண பகவானின் தொடக்க காலத்தில், கீரைப்பாட்டி என்றொரு கிழவி வாழ்ந்தார். மலைச்சரிவில் கீரை பறித்து, ஆய்ந்து, வேகவைத்து, அந்த இளந்துறவிக்கு ஊட்டாத குறையாய்க் கொடுத்தவர். பின்னாளில் காரைக்காலிலிருந்து வந்த, முதலியார் பாட்டி என்றழைக்கப்பட்ட அலங்காரத்தம்மாள். ஆஹா, எப்பேர்ப்பட்ட அன்னபூரணியரின் பரம்பரை இந்த மலைச்சரிவில்! குகைவாசிகளான தொண்டர்கள் ஊருக்குள் பிச்சைக்குச் செல்லும்போது பாடிக்கொண்டு போகவே பகவானின் அட்சரமணமாலை பிறந்தது. பசியிலிருந்தா அந்தப் பாமாலை மலர்ந்தது? இல்லை, பசியையே பக்தியாக்கிய பரம்பொருளின் லீலையிலிருந்து! சோற்றுப் பானையும் வேதமும் இங்கே ஒரே அடுப்பில் கொதித்தன.

மேலே ஏறினேன். வெயில் இளமஞ்சளாய் இறங்கியது. கீழே கோபுரங்கள் ஒன்பதும், தங்கள் நிழலைப் பிராகாரங்களில் கோலமாய் இட்டுக்கொண்டு நின்றன. இங்கேதான் எங்கோ சற்குரு சுவாமி குகை. அதனருகே எச்சம்மாளுக்கு நேர்ந்த அற்புதத்தை எண்ணி ஒரு பாறையில் அமர்ந்துவிட்டேன். ஒரு நாள் பாத்திரத்தோடு அவர் ஏறி வரும்போது, பகவான் யாரோ ஒருவரோடு அங்கே நிற்பதைக் கண்டிருக்கிறார். சுவாமி குகையில் அல்லவா இருப்பார் என்ற எண்ணமோ என்னவோ, அவர் மேலே நடந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல்: நான் இங்கே இருக்கும்போது இன்னும் மேலே ஏன் போக வேண்டும் என்று. திரும்பினால், யாரும் இல்லை! உடல் நடுங்கக் குகைக்கு விரைந்தால், சுவாமி எப்போதும்போல் குகையிலேயே வீற்றிருந்தாராம். இதை அன்று அந்தப் பாறையில் அமர்ந்து நினைத்தபோது, அற்புதம் என்றே நினைத்தேன். அற்புதம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு எழுந்தேன். அது எனக்கும் சேர்த்துச் சொன்ன சொல் என்று அப்போது தெரியவில்லை.

தொண்டு என்றால் என்னவென்று அவருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. ஒரு முறை லட்சம் இலைகளால் அர்ச்சனை செய்வதாக நேர்ந்துகொண்டார். ஐம்பதாயிரம் வரை வந்தது. கோடை வந்து மலை காய்ந்தது, இலை கிடைக்கவில்லை. சுவாமியிடம் போய் வருந்தினார். இலை கிடைக்காவிட்டால் என்ன, உன் உடம்பையே கிள்ளிக் கிள்ளி அர்ச்சனை செய்யலாமே என்றார் பகவான். ஐயோ, வலிக்குமே என்று பதறினார் எச்சம்மாள். இலையைக் கிள்ளும்போது செடிக்கு மட்டும் வலிக்காதா என்று கேட்டார் பகவான். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்க, கிள்ளினால் வலிக்கும் என்பது உனக்கே தெரியுமே, அதை நான் வேறு சொல்ல வேண்டுமா என்று மறுமொழி. எத்தனை இனிய அடி! தாயின் கை கன்னத்தில் விழுவதுபோல் வலிக்காமல் விழுந்து, உயிர் முழுதும் விழிக்கச் செய்யும் அடி!

இலைகளை எண்ணிய அதே எச்சம்மாள் சோற்றை எண்ணவே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள். மழை நாளும் உண்டு, காய்ச்சல் நாளும் உண்டு, கத்திரி வெயிலில் பாறை பழுக்கும் நாளும் உண்டு. 13,000-க்கும் மேற்பட்ட நாட்கள்! லட்சார்ச்சனை நின்றுபோனது என்று யார் சொன்னது? ஒவ்வொரு பருக்கையும் ஒரு வில்வமாய், ஒவ்வொரு அடியும் ஒரு நாமமாய், அவர் அறியாமலே அது நடந்துகொண்டல்லவா இருந்தது!

அவருக்குத் தியானமும் கைகூடியது. மூக்கு நுனியில் எழும் ஓர் ஒளியில் பார்வையை நிறுத்தி, அசைவற்ற சிலையாய் அமர்ந்துவிடுவாராம். பிறருக்கு அது வாய்த்தால் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள். பகவானோ, தோன்றும் காட்சிகளில் நின்றுவிடாதே, தானாக இருப்பதே குறி என்று உணர்த்தினார். அவ்வளவுதான், அந்த ஒளியை எச்சம்மாள் விட்டுவிட்டார். சுவாமி சொன்னார், விட்டேன்! நாம் ஒரு சிறு பெருமையை விடுவதற்கு எத்தனை ஜன்மம் கேட்கிறோம். அவர் ஓர் ஒளியையே விட்டார். ஆனால் பாத்திரத்தை விடவில்லை. விடும்படி சுவாமியும் சொல்லவில்லை.

விரூபாட்சி குகையின் நிழல் முற்றம் வந்துவிட்டது. ஓங்கார வடிவென்று அன்பர்கள் போற்றும் அந்தக் குகைக்குள், விரூபாட்சி தேவரின் சமாதி மேடையின் முன், இருளும் விபூதி மணமும் ஆதிமௌனமும் சேர்ந்து ஒரு கருவறையாய் என்னை ஏற்றன. தூக்கை வாசலில் வைத்துவிட்டு உள்ளே அமர்ந்தேன். கண் மூடியதும் கண்டது தியானத்தின் இருளை அல்ல. ஒரு தந்திக் காகிதத்தைத் தாங்கிய இரு கைகளை.

எச்சம்மாள் மீண்டும் ஒரு முறை தாயானார். சகோதரன் மகள் செல்லம்மாளைச் சுவாமியின் அனுமதியோடு வளர்த்து, மணம் செய்து கொடுத்து, பேரன் பிறந்து அவனுக்கு ரமணன் என்று பேரிட்டு, பட்ட மரம் துளிர்த்ததென்று மலையே மகிழ்ந்திருந்த வேளையில், செல்லம்மாள் மறைந்தாள் என்று தந்தி வந்தது. மறுபடியுமா! எத்தனை முறைதான் ஒரு நெஞ்சம் எரியும்? அந்தத் தந்தியை எடுத்துக்கொண்டு அவர் எங்கே ஓடினார்? எங்கே ஓட முடியும்? சுவாமியிடம். பகவான் அதைப் படித்தார். படித்த கண்கள் பொழிந்தன. மலையசைந்தாலும் அசையாத ஞானமூர்த்தி; மரணத்தை மரணத்துக்கே காட்டிக்கொடுத்த வீரர்; அந்தக் கண்களில் நீர்! சடங்குகள் முடிந்து திரும்பிய எச்சம்மாள், தாயற்ற அந்தக் குழந்தை ரமணனைப் பெரிய ரமணரின் கைகளில் வைத்தார். மீண்டும் அந்தக் கண்கள் நனைந்தன.

கருணாமூர்த்தியே! முதல் துயரத்தை உன் மௌனம் கரைத்தது. கடைசித் துயரத்தை உன் கண்ணீர் கரைத்தது. அழாதே என்று சொல்லும் தெய்வம் எங்கும் உண்டு. கூட அழும் தெய்வம் இங்கே அல்லவா கண்டோம்! குகையின் இருளில் நான் என்ற ஒன்று எங்கே முடிந்தது, அந்தக் கண்ணீர் எங்கே தொடங்கியது என்று அறியாமல் கிடந்தேன். எவ்வளவு நேரம்? யார் கண்டது! கன்னங்கள் நனைந்திருந்தன, நெஞ்சில் நெடுநாள் உறைந்திருந்த ஏதோ ஒன்று, வெண்ணெய்க் கட்டி வெந்நீரில் விழுந்ததுபோல், தன் உருவம் இழந்து மிதந்தது.

மறுநாளும் எச்சம்மாள் சமைத்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாத அற்புதம். அடுத்த நாளும் சமைத்தார். 1916-இல் பகவான் கந்தாசிரமம் ஏறினார்; பாத்திரமும் கூட ஏறியது. 1922-இல் தம் அன்னை அழகம்மை முக்தியடைந்தபின் பகவான் மலையடிவாரம் இறங்கினார். பாத்திரமும் கூட இறங்கியது. ஆசிரமம் வளர்ந்தது, அடுப்புகள் பெருகின, தேசதேசாந்தரத்திலிருந்து அன்பர்கள் வந்து பந்தியில் அமர்ந்தார்கள். ஆயினும் அந்த ஆதிநாள் அன்னையர் கொண்டுவரும் ஒரு கைப்பிடி அன்னத்துக்குப் பகவானின் இலையில் எப்போதும் இடம் இருந்தது. இளமையில் ஏறத் தொடங்கியவரின் கூந்தல், அந்தப் பாத்திரத்தைச் சுமந்து சுமந்தே வெளுத்தது. 1945 டிசம்பரில், இதே மார்கழிப் பனியில், எச்சம்மாள் பாட்டி அந்தச் சுமையை இறக்கிவைத்தார். சுவாமியின் சந்நிதியிலேயே வாழ்ந்து, சுவாமியின் மலையடியிலேயே ஓய்ந்தார்.

வெளியே வந்தேன். தூக்கை எடுத்தேன். அப்போதுதான் திடுக்கிட்டது: இதை யாருக்குக் கொடுப்பது?

பாட்டி ஏறினால் கைநீட்டி வாங்க ஒரு சுவாமி இருந்தார். எனக்கு? குகைக்குள் சோறு வைக்கும் வழக்கம் இல்லை. முற்றத்தில் அமர்ந்திருந்த இரண்டொருவர் கண்மூடிய தியானத்தில் இருந்தார்கள். அவர்களைத் தொட்டு எழுப்பிச் சாப்பிடுங்கள் என்பதா? கையில் கனத்த பாத்திரத்தோடு, பாவி, ஓர் அனாதைபோல் நின்றேன். சுமக்கும் பாக்கியம் கிடைத்தது. இடும் பாக்கியம் இல்லையே! வெறும் வேஷமா போட்டேன்? பாட்டியின் படிகளில் ஏறிவிட்டால் பாட்டியின் அன்பு வந்துவிடும் என்று எண்ணிய பேதைமையை என்ன சொல்ல! பகவானே, எங்கே இருக்கிறாய்? எங்கே வைப்பேன் இதை?

அந்தக் கேள்வி முடியவில்லை. சற்குரு சுவாமி குகையருகே பாட்டி கேட்ட குரல், அதே கேள்வியாய், என் நெஞ்சுக்குள் திரும்பி ஒலித்தது. இன்னும் மேலே ஏன் போனாய்?

ஐயோ! வழியிலேயே நின்றாயே! படிகளின் தொடக்கத்திலேயே, பனியில் குனிந்து, என் கால் வைக்கும் இடத்தைப் பெருக்கிக்கொண்டு நின்றாயே! ஒதுங்கி வழியும் விட்டாயே! உன்னைத் தேடி உன்னைக் கடந்தல்லவா ஓடினேன்!

இறங்கினேன். இறங்கினேனா, உருண்டேனா! பாறைகள் பூவாயின, படிகள் பறந்தன. குகை நமசிவாயர் கோயில் கடந்து, கடைசித் திருப்பம் திரும்பி, மூச்சிரைக்க நின்றேன். சரக், சரக். அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். இரண்டு படிதான் நகர்ந்திருந்தார். அத்தனை நேரத்தில் சருகு உதிர்ந்துகொண்டே இருந்தது; அவரும் பெருக்கிக்கொண்டே இருந்தார்.

தூக்கை நீட்டினேன். வார்த்தை வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்; பாத்திரத்தைப் பார்த்தார். துடைப்பத்தைப் பாறையில் சாய்த்துவிட்டு, குடத்து நீரில் கைகழுவி வந்து, இரு கையாலும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்ததும் மிளகும் நெய்யுமாய் ஆவி எழுந்தது.

"இன்னும் சூடு ஆறல பாரு" என்று வியந்தார்.

முதலில் ஒரு கைப்பிடி எடுத்தார். வாயில் இடுவார் என்று பார்த்தேன். இல்லை. எழுந்து, சிகரத்தை நோக்கித் திரும்பி, துடைத்துவைத்த ஒரு பாறை மேல் அதை வைத்தார். "அப்பனுக்கு" என்றார், அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல். அணில் ஒன்று ஓடி வந்தது. அதை விரட்டவும் இல்லை. இரண்டாம் கைப்பிடியை என் பக்கம் நீட்டினார்.

"நீயும் சாப்பிடு கண்ணு. வெறும் வயித்தோடவா மலை ஏறின?"

அந்தக் கையைப் பார்த்தேன். மண்ணும் சருகும் தேய்த்துத் தேய்த்து ரேகையெல்லாம் கருத்த கை. சுமந்து ஏறியவன் நானா, ஊட்டப்பட வந்தவன் நானா? கொடுக்க வந்த கர்வமெல்லாம் அந்த ஒரு கைப்பிடிக்கு முன்னால் எங்கே போயிற்று? எச்சம்மாவே! அம்மா! அன்னபூரணி! இரு கைகளையும் ஏந்தினேன். நான் சமைத்த பொங்கல்தான். நான் அறியாத ருசியாய் இருந்தது. விழுங்க முடியாமல் தொண்டை அடைத்தது.

மிச்சத்தை அவர் நிதானமாக உண்டார். தூக்கைக் கழுவிக் கவிழ்த்து நீர் வடித்து என்னிடம் தந்தார். நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டேன். இந்த வழி ஏறுறவங்க கால்ல முள்ளு குத்தக் கூடாதில்ல என்றார். மறுபடி துடைப்பத்தை எடுத்தார்.

சரக், சரக். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாறை மேல் அணில் இன்னும் உண்டுகொண்டிருந்தது. அருணாசலா!